சேற்றுக்கு உரியவர் யார்?

வெள்ளம் பெருகி வரும் வேளையில் அறத்தைப் பற்றிய ஐயம் எவருக்கும் எழுவதில்லை. முதியவரைத் தூக்கிச் செல்வதும், குழந்தையை மேட்டில் ஏற்றுவதும், கட்டிய மாட்டை அவிழ்த்துவிடுவதும் எவரும் கற்பிக்காமலே நடைபெறுகின்றன. பகைவனுக்கும் மனிதன் கை கொடுக்கின்றான். ஐயம் எழுவது வெள்ளம் வடிந்த மறுநாளில்தான். வாசலில் முழங்கால் அளவுக்குச் சேறு கிடக்கிறது. அதனுள்ளே எவருடையதோ ஒரு செருப்பு, எங்கிருந்தோ வந்த மரக்கட்டை, நெகிழிப் புட்டிகள், செத்த கோழி. இவற்றை அள்ள வேண்டியவர் யார்? வீட்டுக்கு உரியவரா? மண்ணைக் கரைத்து அனுப்பியவரா? அரசா? அக்கம்பக்கத்தாரா? சிறிய வினாவாகத் தோன்றும் இது, பொறுப்பு என்னும் சொல்லின் முழுப் பொருளையும் தன்னுள் அடக்கியுள்ளது.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கோலா பிலா தக்க இடமாகும். 'கோலா' என்னும் மலாய்ச் சொல் ஆறு வந்து கலக்குமிடத்தைக் குறிக்கும். ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. இவ்வட்டாரத்தின் மரபுவழிப் பிரிவுகளுள் ஒன்றுக்கு உலு மூவார் என்று பெயர். 'உலு' என்றால் ஆற்றின் தலைப்பகுதி. மூவார் ஆறு நெகிரி செம்பிலானின் மலைகளில் தோன்றி, கோலா பிலா, ஜெம்போல் வட்டாரங்களைக் கடந்து, ஜொகூர் மாநிலத்தில் சிகாமட் பகுதியின் வழியாகச் சென்று, மூவார் நகரருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. உழவர் வழக்கில் சொல்வதானால், கோலா பிலா மக்கள் தலைமடைக்காரர். சிகாமட் மக்களும் மூவார் மக்களும் கடைமடைக்காரர்.

பழங்காலத்தில் இந்த ஆறு ஒரு பெருவழியாக விளங்கியது. மூவார் ஆற்றின் வழியே ஏறி வந்த படகுகளை ஜெம்போல் பக்கத்தில் தரைமீது இழுத்துச் சென்று செர்த்திங் ஆற்றில் இறக்கினர். அங்கிருந்து பகாங் ஆற்றை அடைந்தனர். படகை இழுத்த அவ்விடத்திற்குப் பெனாரிக்கான் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அக்காலத்து மனிதனுக்கு ஆறு பிழைப்பு. இக்காலத்து மனிதனுக்கு அது பெரும்பாலும் பொழுதுபோக்கு. பேராவில் கோப்பேங் அருகே கம்பார் ஆற்றிலும், சிலாங்கூரில் கோலா குபு பாரு அருகே சிலாங்கூர் ஆற்றிலும் இளைஞர்கள் காற்றடைத்த மிதவைகளில் ஏறிப் பாறைகளுக்கிடையே பாய்ந்து மகிழ்கின்றனர். கோலா பிலா வட்டாரத்திலேயே உலு பெண்டுல் கானகப் பூங்காவின் ஓடையில் விடுமுறை நாள்களில் குடும்பங்கள் குடும்பங்களாக நீராடுகின்றன.

ஆற்றோரத்தில் அமைந்த நீர்விளையாட்டு முகாம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அடைமழை பெய்த ஓரிரவில் ஆறு கரை புரண்டு முகாமுக்குள் நுழைகிறது. மறுநாள் நீர் வடிந்தபின் குடில்களிலும் சமையற்கொட்டகையிலும் சேறு படிந்திருக்கிறது. சேற்றை அள்ளும் பொறுப்பு யாருக்கு என்று கேட்டால் நான்கு விடைகள் வரும். "இஃது இயற்கையின் செயல்; நான் என்ன செய்வேன்?" என்பார் முகாமின் உரிமையாளர். "நான் கட்டணம் செலுத்தி விளையாட வந்தவன்" என்பான் இளைஞன். "இது எங்கள் மலையின் மண்தான் என்பதற்குச் சான்று எங்கே?" என்பார் மேற்புறத்தில் காடழித்துப் பயிரிடுபவர். "நாங்கள் ஒரு பிழையும் செய்யவில்லையே" என்பார் கீழ்ப்புறத்துக் கம்பத்தில் வாழ்பவர். நான்கு விடைகளிலும் உண்மை உண்டு. ஆயினும் சேறு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. நான்கு உண்மைகள் சேர்ந்து ஓர் அநீதியைப் பிறப்பிக்க இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

முதல் விடையிலிருந்து தொடங்கலாம். வெள்ளம் இயற்கையின் செயலா? மழை இயற்கையின் செயல்தான். கெடுக்கும் ஆற்றலும் கெட்டவரைத் தூக்கி நிறுத்தும் ஆற்றலும் மழைக்கே உண்டென்று வள்ளுவர் வான்சிறப்பில் கூறுகின்றார். ஆனால் மழை நீராக விழுகிறது, சேறாக விழுவதில்லை. நீர் சேறாக மாறும் வழியில் மனிதனுடைய கைகள் பல இருக்கின்றன.

பழைய கோலா குபு நகரத்தின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1883ஆம் ஆண்டில் அங்கிருந்த அணை உடைந்து ஊரை அழித்தது. மீண்டும் எழுந்த ஊரை வெள்ளம் மறுபடி மறுபடி சூழ்ந்தது. ஈயச் சுரங்கங்களிலிருந்து கழித்துவிடப்பட்ட மண் ஆற்றில் இறங்கி, அதன் படுகையை உயர்த்திக்கொண்டே வந்ததே காரணம். 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் மலாயாவின் பல பகுதிகள் மூழ்கின. கோலா குபுவும் மிகுந்த துன்பமுற்றது. இறுதியில் மேட்டு நிலத்தில் புதிய ஊர் ஒன்று வகுக்கப்பட்டது. அதுவே இன்றைய கோலா குபு பாரு. ஈயத்தை விற்றவர் பெற்ற பணம் ஒரு திசையில் சென்றது. மண் மற்றொரு திசையில் சென்றது. இடம் பெயர்ந்தவர்கள் ஊர் மக்கள்.

இரப்பர்த் தோட்டங்களின் கதையும் இதற்கு ஒப்பானதே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இல்லாமல் தரையைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. மூடுவதற்கு இலைதழை இல்லாத சரிவுகளில் மேல்மண் மழைதோறும் கரைந்து ஓடைகளில் இறங்கியது. பின்னர் அம்முறையின் கேடு உணரப்பட்டது. சரிவுகளில் படிவரப்புகள் வெட்டப்பட்டன. மண்ணைத் தேக்கக் குழிகள் தோண்டப்பட்டன. அவரையினக் கொடிகள் தரையை மூடும் பயிராக வளர்க்கப்பட்டன. ஆனால் போன மண் போனதுதான்.

இவ்விடத்தில் தமிழர் தவிர்க்க முடியாத ஒரு வினா உண்டு. அந்தப் புல்லைச் சுரண்டிய கைகள் யாருடையவை? கங்காணி முறை 1938இல் முடிவுக்கு வரும்வரை தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் கைகளே அவற்றுள் மிகப் பல. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, பெயர் கூப்பிடக் கேட்டு, காட்டிய இடத்தில் வெட்டினர். அவ்வாறாயின் ஆறு கலங்கியதற்கு அவர்களும் பொறுப்பாளிகளா? கைக்குப் பொறுப்பே இல்லை என்று கூறுவது மனிதனை மண்வெட்டியாகத் தாழ்த்துவதாகும். கையையும் கட்டளையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதோ அதனினும் பெரிய பிழையாகும். பொறுப்பை அளப்பதற்கு மூன்று அளவுகோல்கள் தேவை. விளைவை அறிந்திருந்தாரா என்பது ஒன்று. மறுக்கவோ மாற்றவோ அவருக்கு ஆற்றல் இருந்ததா என்பது இரண்டாவது. விளைந்த பயன் யாரைச் சேர்ந்தது என்பது மூன்றாவது. அறிவு, ஆற்றல், பயன் என்னும் இம்மூன்றும் கட்டளையிட்டவரிடம் மிகுதியாகவும் வெட்டியவரிடம் மிகக் குறைவாகவும் இருந்தன. தாழ்ந்த நிலத்தில் இருந்த லயத்திற்குள் வெள்ளம் புகுந்தபோது சேற்றை அள்ளியவர் மட்டும் வெட்டியவரே. கடல் கடந்து வாழ்ந்த பங்குதாரரின் வாசலுக்கு அச்சேறு சென்றதில்லை.

பயன் பெற்றவரே பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்னும் எண்ணம் சட்டத்திலும் இடம் பெற்றுள்ளது. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1868ஆம் ஆண்டில் ரைலண்ட்ஸ்–பிளெச்சர் வழக்கில் அளித்த தீர்ப்பு புகழ் பெற்றது. ஆலையொன்றின் உரிமையாளர் தம் ஆலைக்கு நீர் வேண்டி ஒரு தேக்கம் கட்டுவித்தார். அடியில் பழைய சுரங்க வழிகள் இருந்தன. கட்டியவர்கள் அவற்றைச் சரிவர அடைக்கவில்லை. தேக்கிய நீர் அவ்வழியே இறங்கி அண்டையிலிருந்த சுரங்கத்தை மூழ்கடித்தது. ஆலைக்கு உரியவர் தாமாக ஒரு தவறும் செய்தாரல்லர். ஆயினும் தீங்கு விளைக்கக்கூடிய ஒன்றைத் தம் நலங்கருதித் தம் நிலத்தில் சேர்த்து வைத்தவர், அது தப்பி வெளியேறினால் ஈடு செய்தே தீர வேண்டும் என்று மன்றம் கூறிற்று.

முகாமின் உரிமையாளர் நீரைத் தேக்கவில்லை என்பது மெய். ஆனால் நீர் பாயும் இடத்தில் மனிதரைச் சேர்த்து வைக்கிறார். ஆற்றின் அண்மையே அவர் விற்கும் பொருள். ஆகவே ஆற்றின் அபாயமும் அவர் கணக்கில் வர வேண்டும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் கெடாவில் ஜெராய் மலையிலிருந்து மரங்களும் பாறைகளும் சேறும் கலந்த நீர் திடீரென்று பாய்ந்து, யான் வட்டாரத்தில் மக்கள் நீராட வரும் ஓடைப்பகுதிகளைச் சிதைத்தது, உயிர்களும் பலியாயின. மேட்டில் பெய்த மழையால் கீழே கண்ணிமைப்பொழுதில் வந்து சேரும் அத்தகைய நீரை மலாய் மக்கள் 'கெப்பாலா ஆயிர்' என்பர். 2025 ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் குவாடலூப் ஆற்றங்கரைக் கோடை முகாம் ஒன்றில், சிறுமியரும் அவர்களைக் கவனித்து வந்த இளம்பெண்களுமாக 27 பேர் மாண்டனர். அம்முகாமின் குடில்களுள் சில, வெள்ளம் பாயக்கூடிய பகுதியென்று முன்னரே குறிக்கப்பட்ட நிலத்தில் இருந்தன. இயற்கையின் மேல் பழி போடுவதற்குமுன் மனிதன் நிலப்படத்தைப் பார்த்தானா என்று கேட்பது அறத்தின் கடமை.

இதுவரை கூறியவற்றால், பொறுப்புடையவரைக் கண்டுபிடித்துவிட்டால் வினா தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். அங்குதான் மற்றொரு சிக்கல் உள்ளது. பொறுப்புடையவரைக் கண்டுபிடிக்க ஆண்டுகள் ஆகும். சேறோ ஒரு வாரத்தில் கல்லாக இறுகிவிடும். நோய் அதற்கும் முன்னதாக வந்துவிடும். தீர்ப்பு வரும்வரை திண்ணையில் அமர்ந்திருப்பவர், நியாயத்தின் பெயரால் தம் குழந்தையை நோய்க்குக் கொடுத்தவர் ஆவார்.

தமிழ் மக்கள் இச்சிக்கலை ஒரு கதையாக வைத்துப் போற்றி வந்திருக்கின்றனர். வையையில் வெள்ளம் பெருகியபோது, வீட்டுக்கு ஒருவர் வந்து கரையில் தத்தம் பங்கை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைக்கும் முதியவளான வந்திக்கு அனுப்ப ஆளில்லை. உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்றுக்கொண்டு சிவபெருமான் கூலியாளாக வந்து அவள் பங்குக்கு மண் சுமந்தார். வேலை முடியாததைக் கண்ட பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் உட்பட எல்லா உயிர்களின் மேலும் பட்டது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கும் இக்கதையைப் பக்தியின் பெருமைக்காகப் படிப்பது வழக்கம். அறத்தின் வினாவாகவும் அதனைப் படிக்கலாம்.

பாண்டியனின் ஆணையில் வெளிப்படையாக ஒரு குறையும் இல்லை. எல்லார்க்கும் ஒரே அளவு. எவர்க்கும் சலுகை இல்லை. ஆனால் சமமல்லாதவரிடம் சமமான பங்கைக் கேட்டதே அதன் குறை. மாடமாளிகைக்கு உரியவனும் பிட்டு விற்பவளும் ஒரே நீளக் கரையை அடைக்க வேண்டுமென்றால் அது நீதியின் உருவம் பெற்ற கொடுமையாகும். கதையில் கரை அடைபட வேண்டியதும் மெய். வந்தி அதற்குப் பொறுப்பாளியல்லள் என்பதும் மெய். அவளுடைய இயலாமையை ஈடு செய்ய வேறொருவர் தோள் கொடுக்கிறார். தம் பிழையில்லாத மண்ணைத் தம் தலையில் சுமப்பது இழிவன்று என்பதற்கு இதனினும் உயர்ந்த சான்று தமிழ் மரபில் இல்லை. சுமந்தவனை அடித்தால் அந்த அடி ஊர் முழுவதையும் சேரும் என்பது கதை தரும் மற்றொரு பாடம்.

மலேசிய மண்ணில் இப்பண்புக்குக் கோத்தோங் ரோயோங் என்று பெயர். 2021 டிசம்பரில் ஷா ஆலமின் ஸ்ரீ மூடா குடியிருப்பு உட்படப் பல இடங்கள் மூழ்கியபோது, இன வேறுபாடின்றி அண்டை அயலார் படகு கொண்டு வந்தனர். சீக்கிய குருத்வாராவில் அடுப்பு அணையாமல் உணவு சமைக்கப்பட்டது. நீர் வடிந்தபின் முன்பின் அறியாதவர்கள் துடைப்பத்தோடும் மண்வெட்டியோடும் வந்து வீடுகளைக் கழுவினர். 1966 நவம்பரில் இத்தாலியின் புளோரன்சு நகரை ஆர்னோ ஆறு மூழ்கடித்தபோதும் இவ்வாறே பல நாட்டு இளைஞர் திரண்டு, தேசிய நூலகத்தின் நூல்களைச் சேற்றிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி வெளியே எடுத்தனர். அந்நகர மக்கள் அவர்களைச் சேற்றுத் தேவதைகள் என்று அழைத்தனர். தம்முடையதல்லாத சேற்றில் இறங்கியவர்க்கே அப்பெயர் கிடைத்தது.

இத்துணைச் சிறப்புடைய கூட்டுப்பணியிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. எல்லாரும் சேர்ந்து கழுவிவிட்டால், கலக்கியவர் யார் என்று கேட்க ஒருவரும் எஞ்சுவதில்லை. வாசல் தூய்மையானதும் வினாவும் கழுவப்பட்டுவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே மலையிலிருந்து அதே சேறு வருகிறது. அதே மக்கள் அதே மண்வெட்டியோடு கூடுகின்றனர். உதவி இவ்வாறு தவறு செய்தவருக்குத் துணையாகிவிடுகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்று வெள்ளம் வடிந்தபின் மலைபோல் குவிந்த குப்பையை அகற்றப் பிற மாவட்டங்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர் வரவழைக்கப்பட்டனர். கையுறையும் காலணியும் இல்லாமலே பலர் அச்சேற்றில் இறங்கினர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறக்கப்பட்ட முறை பின்னர்த் தணிக்கைத் துறையின் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. ஆனால் அறிக்கை வருவதற்கு நெடுநாள் முன்பே, எந்த முடிவிலும் பங்கில்லாத அம்மனிதர்கள் நகரத்தின் அழுக்கைச் சுமந்து முடித்துவிட்டனர். ஒரு நாள் சேறு அள்ளிய தன்னார்வலரின் படம் நாளேட்டில் வருகிறது. வாழ்நாளெல்லாம் அள்ளுபவரின் பெயரைத் தெருவில் எவரும் அறியார். முன்னதைப் புகழ்ந்து பின்னதை மறக்கும் சமுதாயம், கூலியாளைப் பிரம்பால் அடித்த பாண்டியனின் நிலையில்தான் இருக்கிறது.

ஆகவே அறம் இங்கே இரண்டு கடமைகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று கழுவுதல்; மற்றொன்று கணக்குக் கேட்டல். கழுவுதல் குற்றவாளி அகப்படும்வரை காத்திருக்கக் கூடாது. அஃது அருகிலிருப்பவர் அனைவர்க்கும் உரியது. வலியவர் மிகுதியாகவும் மெலியவர் குறைவாகவும் செய்தற்குரியது. கணக்குக் கேட்டலோ கழுவி முடித்ததனால் முடிந்துவிடக் கூடாது. அஃது அறிவும் ஆற்றலும் பயனும் உடையவரை நோக்கிச் செல்ல வேண்டியது. கழுவாமல் கணக்கு மட்டும் கேட்பவர் வாய்ப்பேச்சு வீரர். கணக்குக் கேட்காமல் கழுவிக்கொண்டே இருப்பவர், எத்துணை நல்லவராயினும், அடுத்த வெள்ளத்திற்கு வழி விடுபவர்.

முன்பு கண்ட நால்வரிடம் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். கட்டணம் செலுத்திய இளைஞன் ஆற்றை வாங்கிவிடவில்லை. நேற்று அவனைச் சுமந்த நீரின் கரையில் இன்று ஒரு நாள் குனிவதில் அவனுக்கு இழப்பில்லை. கீழ்ப்புறத்துக் கம்பத்தார் தம் பங்கைத் தம் வலிமைக்கு ஏற்பச் செய்தால் போதும். முகாமின் உரிமையாளர் கழுவுவதோடு நில்லாமல் குடில்களைக் கரையிலிருந்து தள்ளி அமைக்க வேண்டும். மேட்டில் மழை என்று அறிந்த நாளில் வருவாயை இழந்தும் வாயிலை அடைக்க வேண்டும். 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரைகளிலும் 50 மீட்டர் நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி. அந்நிலம் ஆறு மூச்சுவிடுவதற்காக விடப்பட்டது. மேற்புறத்தில் பயிரிடுபவரோ, சான்று எங்கே என்று கேட்பதற்குமுன் தம் சரிவில் தரைமூடிப் பயிர் உண்டா என்று பார்க்க வேண்டும். முன்னோர் தோட்டங்களில் கண்டறிந்த அறிவு இன்று எவர்க்கும் மறைபொருளன்று.

கழுவும் முறையிலும் அறம் உண்டு. அள்ளிய சேற்றையும் குப்பையையும் மீண்டும் ஆற்றிலேயே தள்ளிவிடுவது எளிய வழி. தலைமடையில் இருப்பவருக்கு அது தூய்மைப்பணி. கடைமடையில் இருப்பவருக்கு அது மற்றொரு வெள்ளம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் வெள்ளத்தில் சிகாமட் உட்படப் பல ஊர்களில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுவிட்டு வெளியேறினர். தன் வாசலிலிருந்து பிறர் வாசலுக்குத் தள்ளுவதைத் தூய்மை என்று அழைத்தல் தகாது.

நெகிரி செம்பிலானின் அடாட் பெர்பத்தே மரபில் குலநிலம் தாய்வழியே இறங்குகிறது. அதனை வைத்திருப்பவர் தம் விருப்பம்போல் குலத்திற்கு வெளியே விற்றுவிட இயலாது. 1909ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வழக்கத்திற்குப் பாதுகாப்பு அளித்தது. உடையவர் என்பவர் இங்கே பின்வருவோர்க்காகக் காப்பவர். நிலத்தைப் பற்றி இத்துணைத் தெளிவாக எண்ணிய மண்ணில், அந்நிலத்தினூடே ஓடும் ஆற்றைப் பற்றியும் அவ்வாறே எண்ணுதல் அரிதன்று. ஆறு பின்வருவோர்க்கு உரியது. கீழே வாழ்வோர்க்கும் உரியது.

மழைக்காலத்தில் தமிழ்ப்பள்ளியின் வகுப்பறைக்குள் வெள்ளம் புகுந்து வடிந்தபின், ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் கூடித் தரையைக் கழுவுவது நல்ல மரபு. துடைப்பம் பிடித்த ஒரு மாணவன், "இந்த மண் எங்கிருந்து வந்தது, ஐயா?" என்று கேட்கக்கூடும். வேலையைப் பார் என்று அவனை அடக்குவது எளிது. அவன் கையிலுள்ள துடைப்பத்தை வாங்காமல், கேள்வியையும் தடுக்காமல், கழுவி முடித்த சுவரில் மூவார் ஆற்றின் படத்தை மாட்டி மேலிருந்து கீழ்வரை காட்டுவதே ஆசிரியப் பணி. கழுவவும் கேட்கவும் ஒருங்கே பழகிய தலைமுறைதான் ஆற்றுக்கு நல்ல அண்டை வீட்டாராக வாழும்.